மணிக்கூட்டால் காணிக்கை போட்டவர்

டொலறஸுக்கு ஒரு மனிதரை எடைபோட அவர் காசு கொடுக்கும் விதமே போதும். ஹவுன்ஸ்லோவில் ஒரு பெற்றோல் ஸ்ரேசனின் கல்லாவில் பதினேழு வருடமாக நிற்கிறவள் அவள். மன்னாரில் பிறந்து, பாரிஸ் புறநகரில் பதினொரு வருடம் அலுவலகங்களைக் கூட்டித் துடைத்து, பிள்ளைகள் ஆங்கிலத்தில் படிக்கட்டும் என்று லண்டனுக்கு வந்தவள். நாணயத்தைக் கையில் தராமல் மேசையில் உருட்டிவிடுகிறவர்களையும் அவள் கண்டிருக்கிறாள், முகத்தைக் காட்டினால்தான் போன் திறக்கும் என்று மறந்துபோய் முகக்கவசத்தோடு போனை முறைத்துக்கொண்டு நிற்கிறவர்களையும் கண்டிருக்கிறாள். ஒரு தண்ணீர்ப் போத்தலுக்குக் காசு கட்டக் கையில் கட்டிய ஸ்மார்ட் மணிக்கூட்டை நீட்டிவிட்டு, தன்னை யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்க்கிறவர்கள் வேறு ரகம். அவர்களுக்கென்று அவள் ஒரு சிரிப்பு வைத்திருந்தாள். உதடு மட்டும் அசையும்.

போன மாசி மாதம், அவள் போகிற கத்தோலிக்கக் கோயிலின் தமிழ்ப் பூசையில் காணிக்கைத் தட்டில் இனி அட்டையால் காசு கட்டும் மெசினும் வருகிறது என்று பங்குச் சபை கூட்டம் போட்டது. சபையின் செயலாளர் றூபன், முப்பத்து நாலு வயது, கணினி வேலை. எழுந்து நின்று விளக்கம் சொன்னான்.

"ஒண்டும் பயப்பிடத் தேவையில்லை. போனைக் கிட்டக் கொண்டுவந்தால் உங்கட கார்ட் நம்பர் மெசினுக்குள்ள போகும். அவ்வளவுதான்."

"கார்ட் நம்பர் போறேல்லைத் தம்பி," என்றாள் டொலறஸ் இருந்த இடத்திலிருந்தே.

றூபன் சிரித்தான். "என்னக்கா?"

"உங்கட போனுக்கெண்டு வங்கி வேற ஒரு நம்பர் குடுத்திருக்கு. மணிக்கூட்டுக்கு இன்னொண்டு. அதுதான் போகும். அதோட ஒவ்வொரு தரமும் ஒரு புதுக் குறியீடும் போகும். அது ஒருக்கால் பாவிச்சால் செத்துப்போம். ஆரும் களவெடுத்தாலும் பிரயோசனம் இல்லை."

கூட்டத்தில் யாரோ "ஓ" என்றார்கள். முன்வரிசையில் இருந்த சூசைதாசன் மெதுவாகத் திரும்பினார். அறுபத்தாறு வயது. முன்பு இரண்டு கடை வைத்திருந்தவர். திருவிழாவுக்குத் திருவிழா ஒலிவாங்கியில் அவர் பெயர் வாசிக்கப்படும். "தங்கச்சி, உமக்கு ஏன் உந்த விண்ணாணம்? தம்பி படிச்சவன், அவன் சொல்லட்டும்," என்றார். பிறகு இடது கையை உயர்த்தி, சட்டைக் கையை இரண்டு அங்குலம் இழுத்து, மினுங்கும் புது மணிக்கூட்டைச் சபைக்குக் காட்டினார். "காசு காவிறதெல்லாம் அந்தக் காலம். நான் இப்ப இதாலதான் எல்லாம்."

கைதட்டினார்கள். டொலறஸ் கைதட்டவில்லை. ஆனாலும் மெசின் பூட்டிய தட்டைப் பூசையில் கொண்டுபோகும் வேலையை அவளிடமே கொடுத்தார்கள். படித்த தம்பிக்கு அதைச் சார்ஜில் போடக்கூடத் தெரிந்திருக்கவில்லை.

முதல் ஞாயிறு காணிக்கைப் பாட்டு தொடங்க, அவள் வரிசை வரிசையாகப் போனாள். போனை நீட்டினார்கள், அட்டையை நீட்டினார்கள். ஒவ்வொன்றுக்கும் மெசின் மெல்லிய ஒலி எழுப்பி, ஒரு பச்சை வெளிச்சம் காட்டியது. சூசைதாசனின் முறை வந்தது. அவர் கண்ணை மூடி, மணிக்கூட்டை மெசினுக்கு மேல் மூன்று வினாடி பிடித்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். ஒலி வரவில்லை. பச்சையும் வரவில்லை. பாட்டுச் சத்தத்தில் தனக்குக் கேட்கவில்லையாக்கும் என்று டொலறஸ் நகர்ந்தாள்.

இரண்டாம் ஞாயிறும் அதே கண்மூடல், அதே சிலுவை. மூன்றாம் ஞாயிறு அவள் மணிக்கூட்டை உற்றுப் பார்த்தாள். காசு கட்டுவதானால் அந்த வகை மணிக்கூட்டின் பக்கத்துப் பொத்தானை இரண்டு தரம் அமத்த வேண்டும். அப்போதுதான் திரையில் வங்கி அட்டையின் படம் வரும். அது வராவிட்டால் மெசினோடு ஒட்டிவைத்தாலும் ஒரு சதமும் போகாது. சூசைதாசனின் திரையில் அன்று காலையிலிருந்து அவர் நடந்த அடிகளின் எண்ணிக்கைதான் இருந்தது. நாலாயிரத்துச் சொச்சம். கடவுளுக்குத் தன் நடையைக் காணிக்கை வைக்கிற ஆளை டொலறஸ் அன்றுதான் கண்டாள்.

நாலாம் ஞாயிறு அவள் அவர் முன்னால் நின்றுவிட்டாள்.

"அண்ணை, போகேல்லை."

"போட்டுது, போட்டுது."

"சத்தம் வரேல்லை. பக்கத்துப் பொத்தானை ரெண்டு தரம் அமத்துங்கோ."

சூசைதாசனின் காது சிவந்தது. "இது வேற மாதிரி மணிக்கூடு, தங்கச்சி. சத்தம் வராது."

"மணிக்கூடு வேற மாதிரியாய் இருக்கலாம். மெசின் எல்லாருக்கும் ஒண்டுதான்."

பின்வரிசையில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள். பாடகர் குழுவுக்குப் பாட்டு முடிந்துவிட்டது. தட்டு இன்னும் நகராததைக் கண்டு முதலிலிருந்து மறுபடி தொடங்கினார்கள். சூசைதாசன் கையை மடிக்குள் இழுத்தார். "பற்றரி இறங்கிப்போச்சு," என்றார். அவர் கையை அசைத்த அசைவில் மணிக்கூடு பளிச்சென்று எரிந்தது. டொலறஸ் அந்த வெளிச்சத்தைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தட்டை எடுத்துக்கொண்டு போனாள்.

அன்று மாலையே றூபன் அழைத்தான். "அக்கா, ஒருக்கால் மன்னிப்புக் கேட்டுவிடுங்கோவன். அவர் பெரிய மனுசர்."

"எதில பெரிசு?" என்று கேட்டாள் டொலறஸ். றூபன் ஏதோ முணுமுணுத்துவிட்டுப் போனை வைத்தான். வாயில்லாத பிள்ளை என்று அவள் அவனை மன்னித்தாள். சூசைதாசனிடம் மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை.

செவ்வாய்க்கிழமை பெற்றோல் ஸ்ரேசனுக்குச் சூசைதாசனின் மனைவி மரியநாயகி வந்தார். ஒரு போத்தல் பாலைக் கல்லாவில் வைத்துவிட்டு, பின்னால் ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, அந்த மணிக்கூடு மகன் ரொறன்ரோவில இருந்து அனுப்பினது. அதுக்குள்ள கார்டே இல்லை. போடத் தெரியாது. ஆரிட்டையும் கேக்க வெக்கம்."

"கார்ட் போடத் தெரியாட்டில் என்னக்கா? தாள்க்காசு போடத் தெரியும்தானே? தட்டில அதுக்கும் இடம் இருக்கு."

"அதைத்தான் நானும் கேட்டனான்," என்றார் மரியநாயகி. "ரெண்டு நாளா என்னோட கதைக்கேல்லை. நல்ல நிம்மதி." இருவரும் சிரித்தார்கள். "நீர் ஒருக்கால் அதைச் சரிப்பண்ணி விடும். அவரை அனுப்பிறன்."

மறுநாள் சூசைதாசன் வந்தார். ஒரு லொறிச் சாரதிக்குப் பின்னால் வரிசையில் நின்று, முறை வந்ததும் போனையும் மணிக்கூட்டையும் அட்டையையும் நீட்டினார். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, அவளும் எடுக்கவில்லை. டொலறஸ் அட்டையைப் போனின் கமராவுக்குக் காட்டினாள். வங்கி ஆறு இலக்கம் அனுப்பியது. அதை அடித்துவிட்டு, மணிக்கூட்டுக்கு ஒரு இரகசிய எண் வைக்கச் சொன்னாள்.

"அது எதுக்கு?"

"கையை விட்டுக் கழண்டால் மணிக்கூடு தானாப் பூட்டிக்கொள்ளும். அந்த நம்பர் தெரியாமல் ஆராலும் காசு கட்ட ஏலாது."

அவர் பிறந்த வருடத்தை அடித்தார். டொலறஸ் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். எல்லாம் முடிந்து திரையில் அட்டையின் படம் வந்தபோது, அவர் மணிக்கூட்டைக் கண்ணுக்குக் கிட்டக் கொண்டுபோனார்.

"அப்ப, இனித் தட்டினால் உண்மையிலயே காசு போகுமோ?"

"ஓம் அண்ணை. அதுக்குத்தான் தட்டுறது."

ஒரு பைக்கற் சூயிங்கம் வாங்கி அதிலேயே பரீட்சித்துப் பார்த்தார். மெசின் ஒலித்தது. சின்னதாகத் துள்ளினார். சூயிங்கத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

அடுத்த ஞாயிறு தட்டு அவரிடம் வந்தது. இந்த முறை கண்ணை மூடவில்லை. பொத்தானை இரண்டு தரம் அமத்தினார். அட்டையின் படம் வந்தது. கையை நீட்டியவர், எல்லாருக்கும் வைத்திருந்த ஐந்து பவுண் மெசினில் ஒளிர்வதைக் கண்டதும் கையைப் பாதி வழியில் நிறுத்தினார்.

"இதைக் குறைக்க ஏலாதோ?" என்று பல்லுக்குள்ளால் கேட்டார்.

"ஏலும் அண்ணை," என்றாள் டொலறஸ், கடையில் பேசுகிற அதே தெளிவான குரலில். அந்த வரிசை முழுக்கத் திரும்பியது. பொத்தானை அமத்தி, இரண்டு பவுணுக்கு இறக்கி, அவர் பார்க்கும்படி பிடித்தாள். அவர் மணிக்கூட்டைத் தட்டினார். மெசின் ஒலித்தது, பச்சை எரிந்தது. அவள் அடுத்தவரிடம் போனாள்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்னே பங்கின் வட்ஸ்அப் குழுவில் சூசைதாசன் எழுதியிருந்தார்: 'நவீன முறையில் காணிக்கை செலுத்துவோம். நாம் முன்மாதிரியாக இருப்போம்.' றூபன் மூன்று கைகூப்பிய படங்கள் போட்டிருந்தான். டொலறஸ் இரண்டையும் பார்த்தாள். போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, திங்கள் காலை ஷிப்டுக்குப் போட வேண்டிய சட்டையை அயர்ன் பண்ணத் தொடங்கினாள்.