வீராயி கேட்ட சத்தியம்

வையம்பட்டியில் பிறந்து பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த வீராயிக்கு வாய்ப்புண் சின்ன வயதிலிருந்தே உண்டு. மணத்தக்காளிக் கீரையைக் கடைந்து சாப்பிட்டுவிட்டு, சூட்டு உடம்பு என்று சொல்லித் தன் வேலையைப் பார்ப்பாள். பெண்ணுறுப்பில் புண் வந்தபோதுதான் ஆடிப்போனாள். உட்கார முடியவில்லை, ஒன்றுக்குப் போனால் உயிரே போனது. இதை யாரிடம் போய்ச் சொல்ல?

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஒரு கிளினிக்குக்குப் போனாள். அங்கே பரிசோதனை என்று ஒன்றும் நடக்கவில்லை. "வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வாங்கம்மா, ரெண்டு பேருக்கும் மருந்து குடுக்கணும்" என்றார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று தெரியாதவளா அவள்?

கணவர் வெள்ளைச்சாமி ஒர்க் ஷாப்பிலிருந்து வந்து சைக்கிளை நிறுத்துவதற்குள் வெற்றிலையில் சூடத்தை ஏற்றிவிட்டாள்.

"கீழ வந்த புண்ணுக்கு ரெண்டு பேருக்கும் மருந்து குடுக்கணும்னு கிளினிக்ல சொல்றாங்க. எந்தப் பொம்பளைகிட்டயும் போகலைன்னு, இதை அணைச்சு சத்தியம் பண்ணுங்க."

அவர் சூடத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். சூடத்தை அணைக்காமலே குளிக்கப் போய்விட்டார். வீராயிக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை.

அன்றிலிருந்து சோறு போட்டாள், பேசவில்லை. படுக்கை தனியானது. மகள் யாழினி கல்யாணத்தில் தாரைவார்க்கும்போதுகூட அவர் முகத்தைப் பார்க்கவில்லை. புண் ஆறும், மறுபடி வரும். வரும்போதெல்லாம் அவரைத்தான் மனசுக்குள் திட்டினாள். தனியாகப் படுத்த பிறகும் ஏன் வருகிறது என்று யோசிக்கக் கோபம் அவளை விடவில்லை.

போன ஆடியில் கண் சிவந்து பார்வை மங்கியது. கண் டாக்டரம்மா சோதித்துவிட்டு, "வாய்ப்புண் அடிக்கடி வருமா? கீழயும் வருமா?" என்று கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது.

ரத்தம் எடுத்தார்கள், வேறொரு டாக்டரும் வந்து பார்த்தார். "எல்லாமே ஒரே நோய்தாம்மா. உடம்போட எதிர்ப்பு சக்தி உடம்பையே தாக்குது. யார்கிட்டருந்தும் ஒட்டுறது இல்ல. மருந்தை விடாம சாப்பிடுங்க" என்றார்.

பஸ்ஸில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். ஒரு நல்ல மனிதரை இத்தனை வருஷம் வதைத்திருக்கிறாள்.

வீட்டில் வெள்ளைச்சாமி சாப்பிட உட்கார்ந்திருந்தார். டாக்டர் சொன்னதை அப்படியே சொன்னாள். பிறகு கேட்டாள்.

"தப்பு பண்ணாதவரு, அன்னைக்கு ஒரு சத்தியம் பண்ணியிருந்தா என்னங்க?"

"பண்ணியிருந்தா நீ நம்பியிருப்ப. ரெண்டு பேருக்கும் மருந்துன்னா, ரெண்டு பேர்ல ஒருத்தரால வந்ததுன்னுதானே அர்த்தம்? நான் இல்லைன்னு ஆயிட்டா, அடுத்து உன்னைல்ல கேக்கணும்? எனக்குக் கேக்க மனசு வரல."

தன்மேல் சந்தேகம் வரக்கூடும் என்று இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வீராயிக்குத் தோன்றியதில்லை. தோன்றாமல் பார்த்துக்கொண்டவர், குழம்பு ஊற்றச் சொல்லித் தட்டை நகர்த்தினார்.