பிரேக் அக்காவும் மணல்மேடும்

காட்டைச் சுற்றிக் காட்டுகிற கம்பெனியில் ஜீப் ஓட்டுகிற பன்னிரண்டு பேரில் அவள் ஒருத்திதான் பெண். வயது நாற்பத்தாறு. சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் கம்பெனி வாட்ச்மேனுக்கே தெரியாது. பிரேக் அக்கா என்றால்தான் கேட் திறக்கும். மற்ற டிரைவர்கள் ஒரு சுற்று முடித்து டீ குடித்துக்கொண்டிருக்கும்போது இவள் பாதித் தூரம்கூடத் தாண்டியிருக்க மாட்டாள். மூங்கில் ஆடினால் பிரேக். சாணத்தில் ஆவி பறந்தால் பிரேக். இலைக்கு நடுவில் இலை நிறத்தில் ஒரு பாம்பு சுருண்டிருக்கும், அதற்கும் பிரேக். எஞ்சினை அணைத்துவிட்டு விரலை நீட்டுவாள். ஜீப்பில் இருக்கும் ஆறு பேருக்கும் முதலில் ஒரு மண்ணும் தெரியாது. பிறகு தெரியும்போது ஆறு வாயும் ஒன்றாகத் திறக்கும். அவள் ஜீப்பில் இடம் பிடிக்க ஆட்கள் அடித்துக்கொண்டார்கள் என்றால் சும்மாவா?

அவள் கணவர் தையல்காரர். சட்டை, பாவாடையெல்லாம் தைக்க மாட்டார். ஜீப்புக்குச் சீட்டு உறை, மேலே போடும் கூடாரத் துணி, இவைதான் அவர் வேலை. கம்பெனியில் ஓடுகிற எல்லா வண்டிக்கும் அவர் கைதான். ஆனால் நிற்கிற வண்டியில் மட்டும்தான் ஏறுவார். பஸ்ஸில் இரண்டு நிறுத்தம் தாண்டினால் மூன்றாவதில் குடல் வாய்க்கு வந்துவிடும். மனைவி இருபது வருஷமாக ஊர் உலகத்தையே காட்டுக்குள் கூட்டிப்போகிறாள். மனிதர் ஒரு நாள்கூட உள்ளே போனதில்லை.

இப்படியிருக்க, கம்பெனி ஒரு பெரிய பயணத்தை அறிவித்தது. பன்னிரண்டு நாள். அட்டை கடிக்கிற மழைக்காட்டில் புறப்பட்டு, முட்காட்டைத் தாண்டி, பாலைவனத்தில் முடிகிற பயணம். முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒரே டிரைவர். அதற்கு மணலில் ஓட்டும் சோதனையில் தேற வேண்டும். இரண்டு வாய்ப்புதான். இரண்டிலும் கோட்டை விட்டால் அதோடு சரி, காட்டுப்பக்கமே காலம் தள்ள வேண்டியதுதான். கூடவே, பாலைவனத்தையே பார்த்திராத ஒருவரைப் பயணியாக அழைத்து வர வேண்டும். டிரைவர் எப்படி ஓட்டினார் என்று கடைசியில் அந்தப் பயணி சொல்வதையும் படிவத்தில் எழுதுவார்கள்.

காலண்டரில் மணல்மேட்டைப் பார்த்தாலே பக்கத்தைத் திருப்ப மனம் வராதவள் அவள். அன்று இரவே பயணியாக வர ஆள் தேடினாள். மகள் வெளியூரில் வேலையில் இருந்தாள். தங்கைக்கு முட்டிவலி. பக்கத்து வீட்டுக்காரி, "பாலைவனமா? நான் வரலப்பா" என்று கதவைச் சாத்திக்கொண்டாள்.

"நான் வர்றேன்" என்றார் தையல்காரர், ஊசியில் நூல் கோத்துக்கொண்டே.

"நீங்களா? தெருமுனை தாண்ட மாட்டீங்களே!"

"கண்ணை மூடிக்கிட்டு வர்றேன். பயணின்னா பார்த்துக்கிட்டேதான் வரணும்னு சட்டம் இருக்கா என்ன?"

அவள் ஜீப்பிலேயே இரண்டு நாள் பயணம். மனிதர் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இவளுக்கோ தலைகால் புரியவில்லை. சொட்டுகிற காடு முடிந்தது. மரங்கள் குட்டையாயின, முள்ளாயின, பிறகு ஆளுக்கொரு மூலையில் கோபித்துக்கொண்டு நின்றன.

"ஏங்க, மரமே இல்லைங்க! ஒண்ணுகூட இல்ல!"

"இருந்தா மட்டும் நான் பார்க்கப் போறேனாக்கும்" என்று துண்டுக்குள்ளிருந்து குரல் வந்தது.

மணலோரத்தில் ஒரு தகரக் கொட்டகை. சுவரில் வரிசையாக மண்வெட்டிகள். சோதனை வைப்பவன் அவளைவிடப் பத்து வயது சின்னவன். தண்ணீரே குடிக்காமல் நாள் முழுக்க ஓட்டுவான் என்பதால் ஒட்டகம் என்று பெயர். அவள் அவனைத் தம்பி என்றே கூப்பிட்டாள்.

"அக்கா, டயர்ல காத்து எவ்வளவு?"

"முப்பது."

"பாதியாக்குங்க. டயர் சப்பையாப் பரந்தாத்தான் மணல் தாங்கும்." நான்கு சக்கரமும் உஸ்ஸென்று மூச்சு விட்டன. "இங்க ஒரே விஷயந்தான். மேடு ஏறும்போது நிக்கக் கூடாது. வானமே இடிஞ்சாலும் நிக்கக் கூடாது. நின்னா மணல் முழுங்கிரும்."

"ஏதாச்சும் உயிர் குறுக்க வந்தா?"

"நம்ம சத்தம் கேட்டதுமே அது ஓடிரும். நீங்க ஓட்டுங்க."

காலை பத்து மணிக்கு முதல் வாய்ப்பு. பின்சீட்டில் ஒட்டகம், முன்னால் முகத்தில் துண்டோடு தையல்காரர். ஜீப் உறுமிக்கொண்டு ஏறியது. பாதி மேடு தாண்டியாயிற்று. அப்போதுதான் இடப்பக்கம், தள்ளி, ஒரு பல்லி மாதிரிப் பிராணி. மணல் சுடுகிறது போல. ஒரு முன்காலையும் ஒரு பின்காலையும் தூக்கிக்கொண்டு நின்றது. சற்று நின்று கால்களை மாற்றிக்கொண்டது. இதைப் பார்த்துவிட்டு நிற்காமல் போக அவள் என்ன கல்லா? கால் தானாக இறங்கியது. பிரேக்!

வண்டி அச்சுவரை புதைந்தது. தோண்டி எடுக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. ஒட்டகம் திட்டவில்லை, "ஒண்ணு போச்சு அக்கா, நாளைக்கு விடியக்காலை ஒண்ணு இருக்கு" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும்.

மதியம் கொட்டகையில் அவள் தன் வலது காலையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"என் காலு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது. கண்ணு பார்த்ததும் அது பாட்டுக்கு அமுக்குது. நாளைக்கும் இதேதான். காலண்டரோட திருப்திப்பட்டுக்க வேண்டியதுதான்." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

தையல்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். "குதிரைக்குக் கண்ணுக்கு ரெண்டு பக்கமும் கட்டுவாங்களே, அது மாதிரி ரெக்ஸின்ல ஒண்ணு தைச்சுத் தரட்டா?"

"உங்களுக்குக் கிண்டலா இருக்கா?"

"இல்லம்மா. அப்ப ஒண்ணு பண்ணு. நீ மேட்டோட உச்சியை மட்டும் பாரு. சுத்தி இருக்கறதை நான் பார்த்துக்கறேன்."

"நீங்களா? கண்ணைத் திறந்தா..."

"வந்தா வரட்டும். பை இருக்கு."

மறுநாள் விடியலில் மணல் குளிர்ந்து இறுகியிருந்தது. ஒட்டகம் பின்சீட்டில் ஏறினான். தையல்காரர் முன்னால் உட்கார்ந்து, துண்டை இடுப்பில் கட்டி, பையை மடியில் வைத்துக்கொண்டு, கைப்பிடியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். வண்டி கிளம்பியது.

"இடப்பக்கம் ஒண்ணுமில்ல. வலப்பக்கம் ஒண்ணுமில்ல. ஒரு புதர். சும்மா புதர்தான், நீ போ. இடப்பக்கம்..."

குரல் நின்றுவிட்டது. மனிதருக்கு என்ன ஆயிற்று? வாந்தியா?

"ஏங்க?"

"அய்யோ... அய்யய்யோ!"

வலது கால் துடித்தது. கழுத்து தானாகத் திரும்பப் பார்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"என்னங்க அது? சொல்லுங்க!"

"சொல்ல மாட்டேன்! நிக்காத! போய்க்கிட்டே இரு! நான்தான் பார்க்கறேன்ல!"

போனாள். உச்சி நெருங்க நெருங்க எஞ்சின் அலறியது, முன்கண்ணாடி நிறைய வானம் மட்டும் இருந்தது. ஒட்டகம் சொல்லிக்கொடுத்தபடி கடைசியில் வேகத்தைக் கொஞ்சம் தளர்த்தினாள். ஜீப் மூக்கைத் தாழ்த்தி, உச்சியின் சமதளத்தில் போய் நின்றது. நான்கு பக்கமும் மணல், கண்ணுக்கெட்டிய தூரம் மஞ்சளும் சிவப்புமாய் மேடு மேடாக மணல். அவள் வாய்விட்டுக் கத்திவிட்டாள்.

"நரி!" என்று அதைவிடப் பெரிதாகக் கத்தினார் தையல்காரர். "இத்தனூண்டு நரி, அத்தனை பெரிய காது! ரெண்டு குட்டி வேற! ஒண்ணு இன்னொண்ணு வாலைக் கடிச்சு இழுக்குது!"

அவள் குதித்து ஓடினாள். விளிம்பில் போய் எட்டிப் பார்த்தபோது, புதருக்கடியில் ஒரு வால் நுனி வளைக்குள் போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான் அவள் பங்கு. "கொஞ்சம் முன்னாடி சொன்னா என்னவாம்!" என்று சண்டைக்குப் போனாள், முகமெல்லாம் சிரிப்பு.

ஒட்டகம் படிவத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு வந்தான். "பயணி சொல்றதைத்தான் இனி எழுதணும். சொல்லுங்கண்ணே."

அண்ணன் சொன்னார். காது எவ்வளவு நீளம், எந்தக் குட்டி போக்கிரி, தாய் எப்படித் திரும்பிப் பார்த்தது என்று நிறுத்தாமல் சொன்னார். ஒட்டகத்தின் பேனா காகிதத்தைத் தொடவே இல்லை.

"அதெல்லாம் சரிண்ணே. ரெண்டு கையாலும் பிடிச்சுக்கிட்டு வந்தீங்களே, குலுங்குச்சா? தூக்கிப் போட்டுச்சா? அக்கா எப்படி ஓட்டுனாங்க?"

தையல்காரர் ஜீப்பைப் பார்த்தார், கீழே தெரிந்த சக்கரத் தடத்தைப் பார்த்தார், மடியிலிருந்து எப்போதோ நழுவிப்போன பையைத் தேடினார்.

"வண்டி ஓடுச்சா என்ன? நான் கவனிக்கவே இல்லையே தம்பி."

ஒட்டகம் அதை அப்படியே எழுதி, கீழே "தேர்ச்சி" என்று போட்டுக் கையெழுத்திட்டான். அவள் அந்த வரியை இரண்டு தடவை படித்தாள். படிவத்தை மடித்துப் பத்திரமாக இடுப்பில் செருகிக்கொண்டாள்.