சீரில் வைத்த குடுவைச் செடி

என் ஓரகத்தியை நான் மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் நான் மனம் இளகிவிடுவேன் என்று யாரும் காத்திருக்க வேண்டாம்.

அவள் என் கணவரின் அண்ணன் மனைவி. காரைக்குடியில் எங்களுக்கு ஒரே வீடு, ஆனால் அடுப்பு வேறு. மகனுக்குக் கல்யாணமானதும் ஓர் அறையும் ஓர் அடுப்பும் கொடுத்துத் தனியாக வைத்துவிடுவது எங்கள் வழக்கம். அரிசி, பருப்பு, விறகு எல்லாம் அவரவருக்குத் தனி. சண்டை மட்டும் பொது. ஆண்கள் பினாங்கிலும் ரங்கூனிலும் வருடக்கணக்கில் கடை பார்த்தார்கள். நாங்கள் இருவரும் ஒரே கிணற்றில் நீர் இறைத்துக்கொண்டு ஒருத்தி முகத்தில் ஒருத்தி விழித்துக்கொண்டிருந்தோம்.

என் தம்பி ஒருமுறை மலாயாவிலிருந்து வரும்போது இரண்டு குடுவைச் செடிகளைக் கொண்டுவந்தான். இலை நுனி நூலாக நீண்டு, அதன் முனையில் ஒரு சின்னக் குடுவை தொங்கும். உள்ளே வழுக்கி விழுகிற எறும்பும் ஈயும் செடிக்குச் சாப்பாடு. அந்த ஊரில் இதைக் குரங்குச் சட்டி என்பார்களாம். ஒன்று ஆண் செடி, மற்றது பெண் செடி என்றான். கிணற்று நீர் ஆகாது, மழைநீர்தான் ஊற்ற வேண்டும் என்றான். சொல்லிவிட்டுக் கப்பலேறியவன் அங்கேயே காய்ச்சலில் போய்விட்டான். எனக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருவன்தான்.

மழை பெய்தால் எங்கள் வீட்டு ஓட்டு நீரெல்லாம் முற்றத்து அண்டாக்களில் வந்து விழும். அதில் ஓர் அண்டாவை இரண்டாங்கட்டு மூலையில் செடிகளுக்கென்று மூடி வைத்துக்கொண்டேன். தேங்காய் நாரும் அடுப்புக்கரியும் போட்டு, சுற்றிலும் ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, எங்கள் ஊர் வெயிலில் அவற்றைப் பிழைக்க வைத்தேன். குழந்தை இல்லாதவளுக்கு வேறு வேலை என்ன என்று ஓரகத்தி சொன்னதும் என் காதில் விழுந்தது.

பெண் செடியின் குடுவை குண்டாக, பச்சையாக, குட்டி உருளி மாதிரி இருக்கும். அதன் மூடி வாயை மூடாமல் பின்னால் மடிந்து கிடக்கும். குடுவையின் முன்புறம் இரண்டு சிறகுகள் உண்டு. வலச் சிறகில் மேலிருந்து கீழ்வரை சீப்புப் பல் போல ரோமம் இருக்கும். இடச் சிறகில் பாதியோடு நின்றுவிடும். அது அந்தச் செடிக்கு மட்டும் இருந்த ஊனம். ஆண் செடியோ நெட்டை. உடம்பெல்லாம் கருஞ்சிவப்புப் புள்ளி, வாய்க்கு மேலே குடை பிடித்த மாதிரி மூடி. இரண்டும் ஒரே சமயத்தில் பூத்த வருடம், காது குடைகிற கோழியிறகால் ஆண் பூவின் மஞ்சள் தூளைத் தொட்டுப் பெண் பூவில் வைத்தேன். காய் பிடித்தது. உள்ளே விதை தலைமுடித் துண்டு போல அத்தனை மெல்லிசு.

விதையை எடுத்துத் தூவிய கொஞ்ச நாளில் ஓரகத்தி சோறு வடித்த கொதிக்கும் கஞ்சியைத் தாய்ச் செடியின் தலையில் ஊற்றினாள்.

"தெரியாமக் கொட்டிட்டேன்" என்றாள். பானையை இரண்டு கையாலும் ஏந்தி, நின்று நிதானமாக ஊற்றியதை நான் அறை வாசலில் இருந்து பார்த்தேன். அன்று மாலையே கிணற்றடியில் வேலைக்காரியிடம், "பூச்சி திங்கிற பீடைய எவளாச்சும் வீட்டுல வைப்பாளா? அதுலயும் செத்தவன் கொண்டாந்தது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். செடி அழுகிப் போனது. தம்பி செத்த சேதி வந்தபோது கூட நான் அப்படி அழவில்லை. அன்றைக்குக் கும்பிட்டது ஒன்றே ஒன்றுதான்: இவளுக்கு நான் பதில் செய்யாமல் சாகக் கூடாது.

ஆண் செடியும் அடுத்த கோடையில் காய்ந்தது. பிள்ளைகள்தான் மிச்சம். முளைத்த புதிதில் எல்லாம் ஒரே அச்சு. யார் ஜாடை என்றே தெரியாது. வருடங்கள் போகப் போகத்தான் முகம் தெளிந்தது. ஒன்று முழுக்க அப்பனை உரித்து வைத்திருந்தது. மற்றவற்றில் இரண்டும் கலந்திருந்தன: தாயின் குண்டு வயிறு, அப்பனின் கருஞ்சிவப்புப் புள்ளி. மூடிதான் வேடிக்கை. தாய் மாதிரி பின்னால் மடியவும் இல்லை, அப்பன் மாதிரி வாயை மூடவும் இல்லை. பாதி எழுந்து அப்படியே நின்றது. அந்த இடச் சிறகோ, கலந்து பிறந்த எல்லாவற்றிலும் பாதிப் பல்தான். தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலை.

அவற்றில் அழகான செடி ஒருநாள் காணாமல் போனது.

"பூனை தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றாள் ஓரகத்தி. தொட்டியோடு தூக்கிக்கொண்டு போகிற பூனையை நான் அதுவரை கண்டதில்லை. வாயை மூடிக்கொண்டேன். அவள் மகளுக்குக் கல்யாணம் நெருங்கிக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளை வீட்டாருக்குச் செக்காலை ஊர். கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சீரையெல்லாம் முற்றத்தைச் சுற்றிய நடு வளவில் பரப்பி வைப்போம். ஊரே வந்து சுற்றிப் பார்க்கும். பித்தளை, வெண்கலம், பீங்கான் ஜாடி, பத்தமடைப் பாய் எல்லாவற்றுக்கும் நடுவில், ஒரு சீனக் கிண்ணத்தில், என் செடி. குடுவைகளையெல்லாம் கத்தரித்திருந்தாள். வேறிடத்தில் வைத்து வளர்த்தால் வேறு மாதிரிக் குடுவை வரும் என்று நினைத்தாள் போலிருக்கிறது. ஒரே ஒரு குடுவை மொட்டு மட்டும் மூடியபடி உப்பிக்கொண்டிருந்தது.

"எங்க தம்பி பர்மாவுல இருந்து கொண்டாந்தது" என்று சம்பந்தியம்மாளிடம் சொன்னாள். "இங்குட்டு எவுக வீட்டுலயும் கிடையாது. மொட்டு விரிஞ்சா நீட்டமா, செக்கச்செவேல்னு, தலையில மூடி போட்டு நிக்கும்."

என் தம்பியின் செடிக்கு அவள் தம்பியின் பெயர்.  நான் குரலை உயர்த்தவில்லை.

"அப்படி வராது ஆச்சி" என்றேன் ஓரகத்தியிடம். "வயிறு குண்டா இருக்கும். கருஞ்சிவப்புப் புள்ளி இருக்கும். மூடி பாதிதான் எந்திரிக்கும். இடப்பக்கத்துச் சிறகுல பல்லு பாதியோட நின்னுபோகும்."

வளவில் இருந்த பெண்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"விரியாத மொட்டு. ஒனக்கு எப்படித் தெரியும்?" என்றாள் ஓரகத்தி.

"அதோட ஆத்தாளையும் எனக்குத் தெரியும், அப்பச்சியையும் தெரியும்."

சம்பந்தியம்மாள் கெட்டிக்காரி. கிண்ணத்தைத் தூக்கிப் போய்த் தான் தங்கியிருந்த அறையில் வைத்துக்கொண்டாள். அப்போதெல்லாம் கல்யாணம் நாள் கணக்கில் நடக்கும். ஓரகத்தி அந்த அறைப் பக்கமாக ஏதாவது சாக்குச் சொல்லிப் போவதும், ஆள் இருப்பதைப் பார்த்துத் திரும்புவதுமாக இருந்தாள். பந்தியில் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நான் இரண்டாம் தடவை பாயசம் வாங்கிச் சாப்பிட்டேன்.

பெண்ணை அனுப்புவதற்கு முந்தின நாள் காலையில் மொட்டு விரிந்தது. சம்பந்தியம்மாள் கிண்ணத்தை வளவுக்குக் கொண்டுவந்து வைத்தாள். நான் உள்ளே போய் அதனுடன் பிறந்த ஒன்றை எடுத்துவந்து பக்கத்தில் வைத்தேன். வயிறு, புள்ளி, பாதி எழுந்த மூடி. பெண்கள் ஒவ்வொருத்தியாகக் குனிந்து இடச் சிறகைப் பார்த்தார்கள்.

"ஏன் ஆச்சி," என்றாள் சம்பந்தியம்மாள், "ஒங்க தம்பி இதைப் பர்மாவுல இருந்து கொண்டாரதுக்கு முந்தியே, இதோட அக்கா இங்கன வந்து குடியிருந்துச்சாக்கும்?"

யாரோ வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தார்கள். 

மத்தியானம் ஓரகத்தி என் அடுப்படிக்கு வந்தாள். தனிக் குடித்தனம் வைத்த நாளிலிருந்து அவள் அந்த நிலைப்படியைத் தாண்டியதில்லை. "செடிய நீயே எடுத்துக்க. அதுக்குப் பதிலா வேற சாமான் வச்சுக்கிறேன்" என்றாள். கண் கலங்கியிருந்தது. கஞ்சியை ஊற்றிய அன்று அந்தக் கண் கலங்கவில்லை.

"சீருல வச்சதைத் திருப்பி எடுக்கலாமா ஆச்சி? பிள்ளைக்கு ஆகாதே" என்றேன். "செக்காலைக்கே போகட்டும். மழைத்தண்ணிதான் ஊத்தணும், அதை மட்டும் சொல்லி அனுப்புங்க."

போயிற்று. சம்பந்தியம்மாள் அதை வாசலுக்கு நேராக, வருகிறவர் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் வைத்தாள். மகளைப் பார்க்கப் போகும்போதெல்லாம் ஓரகத்தி அதன் எதிரில்தான் உட்கார வேண்டும். வருகிறவர்கள் என்ன செடி என்று கேட்பார்கள். சம்பந்தியம்மாள் கதையை முதலிலிருந்து சொல்வாள். பிறகு கிளை ஒடித்து நட்டு வளர்த்து உறவுக்காரர்களுக்கும் கொடுக்க ஆரம்பித்தாள். சாக்கோட்டைக்குப் போனது. இளையாத்தங்குடியில் ஒரு வீட்டுக்குப் போனது. செடி போன இடமெல்லாம் கதையும் போனது. ஓரகத்தி விசேஷ வீடுகளுக்குப் போவதைக் குறைத்துக்கொண்டாள்.

நான் எல்லா விசேஷத்துக்கும் போகிறேன். அந்தச் செடி இருக்கிற வீடாக இருந்தால், தாம்பூலத்தைக்கூட வாங்காமல் முதலில் அதனிடம் போய்க் குனிவேன். என் தம்பி கொண்டுவந்து, அவள் கஞ்சி ஊற்றிக் கொன்ற தாய்க்கு இடச் சிறகில் பல் பாதிதான் இருந்தது. குனிந்து பார்க்கிற ஒவ்வொரு குடுவையிலும் அப்படியேதான் இருக்கிறது.