பூசணிக்காயும் பச்சைக் கொடியும்

ஆயுத பூஜையன்று சிங்காநல்லூரில் எங்கள் லாரி ஷெட்டின் முன்னால் பூசணிக்காய் உடைத்ததும் எல்லோரும் பொரி வாங்க உள்ளே போய்விடுவார்கள். நான் கோணிப்பையை விரித்துக்கொண்டு ரோட்டில் குத்தவைத்து உட்காருவேன். குங்குமம் தோய்ந்த சதை, ஓடு, சில்லறைக் காசு, விதை என்று ஒன்றுவிடாமல் பொறுக்குவேன். "ஏனுங்ணா, முனிசிபாலிட்டில வேலைக்குச் சேத்திப்போட்டாங்களா?" என்று பக்கத்து ஷெட் டிரைவர் வருஷம் தவறாமல் கேட்பார். இந்தப் பழக்கத்தை எனக்கு ஏற்படுத்தியவர் ஒரு ராணுவ ஹவில்தார். கொடுமுடிக்காரர். என்னைவிட இரண்டு வயது இளையவர்.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். ஓரிடத்தில் நிலைகொள்ளாத கால் எனக்கு. தொண்ணூறுகளின் நடுவில் ஈரோட்டிலிருந்து போர்வை ஏற்றிக்கொண்டு ஜம்மு போனேன். அங்கே ராணுவம் வாடகைக்கு லாரி எடுக்கிறது என்று கேள்விப்பட்டு, திரும்பாமல் அங்கேயே ஓட்ட ஆரம்பித்தேன். பனி விழுந்து கணவாய் மூடுவதற்குள், மலை உச்சிக் காவல் முகாம்களுக்கு ஆறு மாதத்துக்கான மாவும் பருப்பும் மண்ணெண்ணெயும் போய்ச் சேர வேண்டும். வடக்கே இருந்த படைத் தலைமையகத்துக்கு ஒரே சமயத்தில் இரண்டு வேலை. மேலே எல்லையைக் காக்க வேண்டும். கீழே, ரோட்டில் கண்ணிவெடி வைப்பவர்களிடமிருந்து ரோட்டையும் காக்க வேண்டும். நாங்கள் ஓட்டியது இந்த இரண்டுக்கும் நடுவில். ராத்திரி குளிரில் டீசல் உறைந்துபோகும். காலையில் டேங்குக்கு அடியில் தீ மூட்டி இளக்கித்தான் வண்டியைக் கிளப்புவோம். விரல் நுனி வெடித்து ரத்தம் வரும். அதெல்லாம் தொழிலோடு சேர்ந்தது.

கொடுமுடி ஹவில்தாருக்கு அந்த ரோட்டைக் காப்பதுதான் வேலை. தினமும் விடிந்ததும் இருபது பேருடன், மெட்டல் டிடெக்டரும் மோப்ப நாயுமாக, தன் பங்கு இரண்டு மைலை நடந்தே சோதிப்பார். அவர் பச்சைக் கொடி காட்டாமல் ஒரு சக்கரமும் உருளாது. கான்வாய் என்கிற லாரி வரிசை போய் முடியும்வரை ஊர்க்காரர்கள் ஓரமாக நிற்க வேண்டும். கடைகளை அடைக்க வேண்டும். அவர்களுக்கு அது கசப்புத்தான். ஹவில்தார் மட்டும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை முதலில் ரோட்டைத் தாண்ட விட்டுவிட்டுத்தான் கொடியைத் தூக்குவார். "மேல நிக்கறவன் சோறு திங்கோணும்னா, கீழ ரோடு தொறந்திருக்கோணுமுங்க," என்பார் என்னிடம். அந்தப் பருவத்தில் அதுவரை அவர் பாதையில் ஒரு லாரிகூடச் சேதமானதில்லை.

அந்த வருஷம் பனி முந்திக்கொண்டது. எங்களுடையது கடைசிக் கான்வாய்களில் ஒன்று. அறுபது லாரிகள். என் வண்டி முழுக்க மண்ணெண்ணெய் பீப்பாய்கள். புறப்படும் நாள் ஆயுத பூஜை நாளாக அமைந்துவிட்டது. பூசணிக்காய் சுற்றாமல் நம்மூரில் எவன் வண்டியை எடுப்பான்? ஜம்முவில் வாங்கிய காயை ஒரு வாரமாக சீட்டுக்கு அடியில் வைத்திருந்தேன். மண்ணெண்ணெய்க்குப் பக்கத்தில் கற்பூரம் கொளுத்த முடியாது. அதனால் விடிவதற்கு முன்பே ஒதுங்கப் போவதாகக் காவலாளியிடம் சொல்லிவிட்டு வெளியே போனேன். ஒரு பர்லாங் தள்ளி ரோடு பிரியும் இடத்தில், குங்குமமும் காசும் போட்ட காயை ஓங்கி உடைத்தேன். மனசு நிறைந்தது. வந்து டீ குடித்தேன்.

ஏழு மணிக்குக் கொடி வரவில்லை. எட்டாகியும் வரவில்லை. பிறகு வரிசை நெடுகச் சேதி வந்தது. ரோடு பிரியும் இடத்தில் ரத்தம் மாதிரி சிவப்பாக ஏதோ சிதறிக் கிடக்கிறதாம். ஓரத்துக் குழியில் உருண்டையாக ஒன்று கவிழ்ந்து கிடக்கிறதாம், அதற்கு நேரே டிடெக்டர் கத்துகிறதாம். குண்டு அகற்றுபவர்களுக்குச் சொல்லி அனுப்பியாயிற்று. அவர்கள் வர மதியமாகிவிடும். மதியத்துக்கு மேல் கணவாய் ஏற விடமாட்டார்கள். இன்று திரும்பினால் மறுபடி எப்போது போவோம் என்று யாருக்கும் தெரியாது.

அது என் பூசணிக்காய். நான் வாயைத் திறந்தால் கையில் விலங்கு. திறக்காவிட்டால் மேலே இருப்பவர்களுக்குக் குளிர்காலம் முழுக்க அடுப்பு எரியாது. இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு ரோட்டில் நடந்தேன்.

கான்வாய்க்குப் பொறுப்பான கேப்டனிடம் இந்தியில் உளறினேன். துப்பாக்கிகள் என் பக்கம் திரும்பின. ஹவில்தார் என்னை ஓரமாக இழுத்தார்.

"ஏனுங்ணா, உங்களுக்குக் கிறுக்குக் கீது புடிச்சிருச்சுங்களா?"

"பூசைங்க... வண்டிக்கு..."

"உள்ள காசு போட்டீங்களா?"

"போட்டேனுங்க."

அவர் முகத்தில் சிரிப்பு வந்து மறைந்தது. கேப்டனிடம் போய், அது எங்கள் ஊர் வழக்கம், கயிறு கட்டி நானே இழுக்கிறேன் என்றார். உடைத்த பிறகு இரண்டு மணி நேரம் அதன் பக்கம் ஆளே இல்லையே, அதைச் சாக்காக வைத்து வேறு யாராவது எதையாவது வைத்திருந்தால் என்று கேட்டார் கேப்டன். நியாயமான கேள்வி. ஹவில்தார் கயிற்றுச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டார். மணியைப் பார்த்துவிட்டு கேப்டன் தலையசைத்தார்.

ஹவில்தார் ஊர்ந்து போய்க் கொக்கியை மாட்டிவிட்டு, கயிற்றை விட்டுக்கொண்டே பாறைக்குப் பின்னால் திரும்பி வந்தார். என்னைப் பார்த்தார். "வாங்க, எம்பக்கத்துல படுங்க. நீங்க சொன்னது பொய்யின்னா ரெண்டு பேருமே போய்ச் சேரலாமுங்க." படுத்தேன். மண் ஐஸாகச் சில்லிட்டது. அவர் மூச்சை அடக்கிக்கொண்டு கயிற்றைச் சுண்டினார்.

அரைப் பூசணிக்காய் குழியிலிருந்து புரண்டு வந்தது. காசுகள் கலகலவென்று தார் ரோட்டில் சிதறின. அவ்வளவுதான். மறுபடி டிடெக்டர், மறுபடி நாய். குழிக்கு மேல் எதுவும் கத்தவில்லை.

நான் எழுந்து வண்டிக்கு ஓடப் பார்த்தேன். "எங்கீங்ணா போறீங்க? பொறுக்குங்க மொதல்ல. வெதை ஒண்ணு கெடக்கப்படாது. நாளைக்கு நான் நடக்கறப்ப ரோட்டுல கெடக்கற ஒவ்வொண்ணுக்கும் எனக்கு அர்த்தம் தெரிஞ்சிருக்கோணும்." அறுபது லாரி டிரைவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, நான் மண்டியிட்டுப் பொறுக்கினேன். கடைசி விதையைப் பைக்குள் போட்டதும் அவர் கொடியைத் தூக்கினார்.

மூன்று மணிக்குள் அறுபது வண்டிகளும் கணவாயைத் தாண்டின. எங்களுக்குப் பின்னாலேயே பனி கொட்டத் தொடங்கியது. நாலாம் நாள் கணவாய் மூடியது. மேல் முகாமில், முகமெல்லாம் குளிரில் கருத்துப்போன பையன்கள் ஓடிவந்து, கூச்சல் போட்டுக்கொண்டே பீப்பாய்களை உருட்டிப் போனார்கள். முதல் அடுப்பு பற்றியதும் அவர்கள் போட்ட ஆரவாரம் மலையில் மோதித் திரும்பியது. அப்படியொரு சத்தத்தை நான் கல்யாணத்திலும் கேட்டதில்லை, தேரோட்டத்திலும் கேட்டதில்லை. அந்தப் பருவம் முழுக்க ஹவில்தாரின் பாதையில் ஒரு லாரிகூடச் சேதமாகவில்லை. ஓர் உயிரும் போகவில்லை. இறங்கும்போது அதைச் சொன்னேன். "ஒரு பூசணிக்காய்தாங்க போச்சு," என்றார்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. நானும் வேறு திசைகளில் ஓடினேன்.

இந்த வருஷமும் கடைசி விதையைத் தேடி எடுத்து, கோணிப்பையின் வாயைக் கட்டினேன். தலைக்கவசம் இல்லாத ஒரு பெண் பின்னால் குழந்தையை உட்காரவைத்து ஸ்கூட்டரில் வேகமாக வந்தாள். நான் பொறுக்கிய இடத்தின் மேலேயே வண்டி வழுக்காமல் ஓடி மறைந்தது. எழுந்து முட்டியைத் தட்டிவிட்டேன். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கொடி மாதிரி தலைக்கு மேல் ஆட்டினேன். ஷெட்டிலிருந்து முதல் லாரி கிளம்பியது.