செல்வராஜு அண்ணன் வாய் திறக்காத வீடு

“…ஃபெரியப் பத்திக் கேளு, புதுசா கட்டுற பாலத்தப் பத்திக் கேளு, சொல்றேன். அந்த வீட்டப் பத்தி மட்டும் டோன்ட் கெட் மீ ஸ்டார்டட் லா, தங்கச்சி” என்ற செல்வராஜு அண்ணன் அத்தோடு வாயை மூடிக்கொண்டார். அதுதான் எனக்கு விசித்திரமாக இருந்தது. பட்டப்பகல் பதினொரு மணி. சூலியா தெருவுக்குப் பின்னாலிருந்த ஒரு சந்தில், வாடகைக்கு வந்த மாடிவீட்டைப் பார்த்துவிட்டு, எதிர்ச்சாரியில் சாவியோடு அவர் பக்கத்தில் நின்றேன். எனக்கு அப்போது ஆறு மாதம். நானும் கணவரும் இருந்த ஒற்றை அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்தாக வேண்டும். அந்த வீட்டை எடுப்பதா விடுவதா என்று மத்தியானத்துக்குள் பதில் சொல்ல வேண்டும்.

பக்கத்து அறையில் இருந்த செல்வராஜு அண்ணன், துறைமுகத்தில் சரக்கு எண்ணும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாழ்ப்பாணத்திலிருந்து நான் இந்த மலாய்த் தீவுக்கு வந்த புதிதில், அக்கரைக்குப் போகும் ஃபெரியில் கூட்டமா என்று கேட்டால், “டோன்ட் கெட் மீ ஸ்டார்டட்” என்பார். என்னைப் பேச்சில் இழுக்காதே என்றுதானே அர்த்தம்? மரியாதையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவேன். மூன்றாம் தடவை, தங்கச்சிக்கு என்மேல் என்ன கோபம் என்று அவர் என் கணவரிடமே கேட்டுவிட்டார். கணவர் சிரித்துச் சிரித்து விளக்கிய பிறகுதான் புரிந்தது. நம் ஊரில் “அதையேன் கேக்கிறியள்” என்று தொடங்கி, உலையில் அரிசி குழையும்வரை சொல்கிறோமே, அதேதான். அன்றே அதைக் கொப்பியில் எழுதிவைத்தேன். அதன்பின் அவர் அதைச் சொன்னால் நான் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொள்வேன். மீன் விலை, அடைத்த சாக்கடை, மச்சினனின் கஞ்சத்தனம் என்று எங்கள் பின்னேரங்கள் போயின.

ஆகவே அன்றும் அதை அழைப்பென்றே எடுத்துக்கொண்டேன். “சும்மா ஸ்டார்ட் பண்ணுங்கோ, அண்ணே” என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. தான் பிறந்தது அங்கேதான், பன்னிரண்டு வயதில் குடும்பத்தோடு வெளியே வந்ததுதான், பிறகு உள்ளே போனதில்லை என்று மட்டும் சொன்னார். பேச்சை வளர்க்க நான் கண்டதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல காற்றோட்டம், உறுதியான படிகள். மேலே பலகைத் தரையில் வெயில் படாத ஓரிடம் மட்டும், யாரோ அப்போதுதான் எழுந்துபோனதுபோல இளஞ்சூடாக இருந்தது. பூனையாக இருக்கும் என்றேன்.

“சன்னலுக்கு இடது பக்கமா?” என்றார்.

எந்தப் பக்கம் என்று நான் சொல்லியிருக்கவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை ஒருமுறை புரண்டது.

“வரலாமோ, வேண்டாமோ, அதை மட்டும் சொல்லுங்கோ.”

“அத நான் சொல்ல முடியாது லா” என்றவர் என்னிடமிருந்து சாவியை வாங்கித் தெருவைக் கடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றினார். நானும் பின்னால் போனேன். ஊரில் புது வீட்டுக்குப் போனால் பால் காய்ச்சுவோம். வீட்டிடம் சம்மதம் கேட்பதில்லை. இங்கே காட்டிலும் ஆற்றிலும் பழைய கட்டடத்திலும் நுழையுமுன் எல்லா இனத்தாரும் கேட்கிறார்கள். தும்பாங் என்பது அதற்கான மலாய்ச் சொல். அங்கே முன்பே குடியிருக்கும், கண்ணுக்குத் தெரியாத பெரியவரான டத்தோவிடம் ஒண்டிக்கொள்ள இடம் கேட்பது.

மாடிப்படியின் அடியில் நின்று, பெரியவர் ஒருவரிடம் பேசுகிற குரலில் அவர் மேலே பார்த்துச் சொன்னார்: “தும்பாங், டத்தோ. இது என் தங்கச்சி. சிலோன்லேருந்து வந்திருக்கு. இப்ப ரெண்டு பேரு, தையில மூணு பேரு. தொந்தரவு இல்ல. கொஞ்ச காலம் தங்கிட்டுப் போயிடுவாங்க.”

இல்லை, இருக்கத்தான் வந்தோம் என்று திருத்த வாயெடுத்தேன். ஆனால் அம்மாவுக்கு எழுதும் ஒவ்வொரு கடிதத்திலும், சீக்கிரம் வந்துவிடுவோம் என்றுதானே எழுதுகிறேன்? இரண்டில் எது பொய் என்று எனக்கே தெரியவில்லை.

செல்வராஜு அண்ணன் தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். மேலே பலகை ஒன்று கிறீச்சிட்டது. அவர் என் முழங்கையைப் பிடித்து மெல்ல ஓரமாக இழுத்தார். சுவரோடு ஒட்டி நின்று, கைகளைக் கூப்பி, ஒவ்வொரு படியாக இறங்கி வரும், என் கண்ணுக்குப் படாத ஒருவரை வாசல்வரை கண்களாலேயே வழியனுப்பினார்.