டிடெக்டருக்கு வந்த வாகனம்

லேசர்க் குழாயில் ஓடும் வாயுவைத் தொட்டுப் பார்த்தால் இளஞ்சூடுதான் இருக்கும். உள்ளே மூலக்கூறுகள் அதிரும் அதிர்வுக்குத் தனியாக ஒரு வெப்பநிலை உண்டு. அது ஆயிரக்கணக்கில் ஏறி நிற்கும். வாயுவிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை அளந்து அந்த எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் என் ஆராய்ச்சி. கதிரை உணரும் டிடெக்டர் எங்கள் பிரிவில் ஒன்றே ஒன்று. பேராசிரியர் அதைப் பெற்ற பிள்ளையாகப் பார்த்தார்.

அதைக் குளிராக வைத்திருக்கும் குடுவையின் வெற்றிடம் கெட்டுவிட்டது. இரத்மலானையில் ஒரு பட்டறையில் கொடுத்து, சரியானதும் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பினேன். வெள்ளவத்தைக்கு முன்னால் சோதனைச் சாவடி. எல்லாரும் இறங்கி நடந்தார்கள். என் அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது. பெட்டியைத் திறக்கச் சொன்னார்கள்.

அதிகாரி சிங்களத்தில் நிதானமாகத்தான் கேட்டார். இது இருட்டில் மனித உடம்பின் சூட்டை உணருமா என்றார். உணரும் என்றேன். வைவா பரீட்சையில் இருப்பவள் மாதிரி விளக்கமும் சொன்னேன். வெப்பமானி என்று சொல்லித் தொலைத்திருக்கலாம். ஒரு வாயுவுக்கு இரண்டு வெப்பநிலை என்று நான் சொன்ன இடத்தில் அவர் பேனாவை மூடிவிட்டார்.

பொலிஸ் நிலையத்திலிருந்து பேராசிரியருக்கு டெலிபோன் எடுத்தார்கள். இவள் என் மாணவி என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், நான் வீட்டுக்குப் போகலாம். அவர் எங்கள் ஊர்க்காரர்தான். அதிகாரி கேட்டுவிட்டு ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டார். டிடெக்டரின் முகப்பில் கீறல் விழுந்ததா என்று உங்கள் சேர் கேட்கிறார் என்றார். சிரிப்பை அடக்கத் தெரியாத மனிதர்.

பின்னேரம் பிரிவின் வாகனம் வந்தது. சாரதி பேராசிரியரின் கடிதத்தைக் காட்டி, பெட்டியை மட்டும் வாங்கினார். பின்சீற்றில் அதற்கு ஒரு மெத்தை விரித்திருந்தது. அவர் என்னைப் பார்க்காமலே கதவைச் சாத்தினார். இரண்டு இரவு பொலிஸ் நிலையத்து மர வாங்கில் இருந்தேன். நான் தங்கியிருந்த வீட்டு அன்ரி நான் அங்கே குடியிருப்பதாகப் பொலிஸில் பதிந்த தாளைத் தேடியெடுத்து வந்து, அழுது குளறி என்னை மீட்டார்.

குளித்ததும் நேரே ஆய்வுகூடத்துக்குப் போனேன். நான் பொருத்தி வைத்த குழாய் ஊதா நிறத்தில் எரிந்தது. பேராசிரியர் அளந்துகொண்டிருந்தார். எண்கள் நன்றாக வருகின்றன என்றார்.

“ஏன் சேர், என்னைத் தெரியும் எண்டு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?”

அவர் மீற்றரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“டிடெக்டருக்கு நான் கையெழுத்து வைச்சனான். உமக்கு ஆர் வைச்சது?”

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கிட்டப் போனேன்.

“தள்ளி நில்லும் பிள்ளை. உம்மடை சூடும் இதிலை வருது.”

நான் தள்ளவில்லை. வலது கையை விரித்து டிடெக்டருக்கு நேரே பிடித்தேன். ஊசி கடைசிக் கோட்டில் போய் இடித்துக்கொண்டு நின்றது. அவர் குழாயை அணைக்கும் வரைக்கும் கையை எடுக்கவில்லை.