இறக்கி வைத்த லோடு

நான்கு டயரையும் காலால் தட்டிப் பார்த்தாயிற்று. அடுத்து விளக்கு, கண்ணாடி, பிரேக் ஆயில், பின்கதவுக் கொக்கி. ஒவ்வொன்றையும் தொட்டு, உதட்டுக்குள் என்னவோ முணுமுணுத்தபடி வண்டியை ஒரு சுற்று வருகிறாள் செவ்வந்தி. கள்ளக்குறிச்சியில், கச்சிராயபாளையம் சாலை முக்கிலுள்ள மினி லாரி ஸ்டாண்டில் தினமும் காலையில் நடக்கிற கூத்து இது. "கற்பூரம் ஒண்ணுதான் பாக்கி. அதையும் ஏத்திடு பாப்பா" என்பார் மாயவன். ஸ்டாண்டிலேயே மூத்த டிரைவர் அவர். சுற்றி முடித்த பிறகுதான் இவளிடமிருந்து பதில் வரும். "ஏரோப்ளேனையே இப்படித்தாண்ணா சுத்திப் பாப்பாங்க. இந்தக் குட்டியானை இன்னா அதவிட ஒசத்தியா?"

அளக்கிறாள் என்று நினைத்துவிட வேண்டாம். விமானம் ஓட்டுகிற லைசென்ஸ் இந்தப் பெண்ணிடம் நிஜமாகவே இருக்கிறது. தியாகதுருகத்துப் பக்கம் இருந்த மானாவாரிக் கொல்லையை விற்றுப் படிக்க வைத்தார் அப்பா தனசேகரன். "எங்க கொல்ல வானத்துல கீது" என்று அதையும் சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். படித்து முடித்து வந்த நேரம் பார்த்து எங்கேயும் வேலை இல்லை. கேட்ட இடத்திலெல்லாம் அப்புறம் கூப்பிடுகிறோம் என்றார்கள். இடுப்பு வலியோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பாவிடமிருந்து ஒரு நாள் சாவியை வாங்கிக்கொண்டாள். கல்வராயன் மலைமேல் வெள்ளிமலையில் மரவள்ளிக் கிழங்கு ஏற்ற வேண்டியது, கீழே வந்து சின்னசேலம் பக்கத்து ஜவ்வரிசி ஆலையில் இறக்க வேண்டியது. மூன்று வருஷமாக இதுதான் பிழைப்பு.

விமானப் படிப்பு உடம்பில் ஒட்டிக்கொண்டு போக மாட்டேன் என்கிறது. யார் எதைச் சொன்னாலும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொள்வாள். "உப்பு, புளி, சோப்பு வாங்கியா" என்று அம்மா பச்சையம்மாள் சொன்னால், "உப்பு, புளி, சோப்பு. சரியாம்மா?" என்று நிற்பாள். "ஏண்டி, நீ இன்னா கிளியா?" என்று அம்மாவுக்கு எரிச்சலாக வரும். களத்தில் மக்காச்சோளம் காயப்போட்டவர்கள், மழை வருமா என்று இவளுக்குத்தான் போன் போடுவார்கள். இவளும் வெளியே வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு அடித்துச் சொல்வாள். பாதி நேரம் தப்பாகப் போகும். சோளம் நனைந்தவர்கள் சண்டைக்கு வந்தால், "மேகத்துக்கு இன்னா நானா சம்பளம் தரேன், எம்பேச்ச கேக்க?" என்று எதிர்க்கேள்வி போட்டு அனுப்பிவிடுவாள்.

ஸ்டாண்டுக்கு என்று ஒரு கட்டுப்பாடு உண்டு. வியாபாரியோடு தகராறாகி ஒரு டிரைவர் லோடை இறக்கி வைத்துவிட்டால், அடுத்தவர் அதைத் தொடக்கூடாது. இறக்கினவரிடமே போய், "ஏத்திக்கட்டுமா?" என்று கேட்க வேண்டும். அவர் சரி என்றால்தான் உண்டு. இல்லையென்றால் கிழங்கு வெயிலில் கிடந்து கறுக்க வேண்டியதுதான், வியாபாரி இறங்கிவந்து பேச வேண்டியதுதான். வந்த புதிதில் இது தெரியாமல் செவ்வந்தி ஒரு லோடை ஏற்றிவிட்டாள். ஸ்டாண்டில் ஒருத்தரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீ வாங்கி வந்தவர் இவளை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லோருக்கும் ஊற்றினார். லோடை இறக்கினவரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் இவள் கைக்கும் டம்ளர் வந்தது.

போன மாதம் ஒரு விமானக் கம்பெனியிலிருந்து போன் வந்தது. வேலை தயார், சென்னைக்கு வந்து சேர வேண்டியதுதான் பாக்கி என்றார்கள். பச்சையம்மாள் கேசரி கிண்டித் தெரு முழுக்கக் கொடுத்தாள். மறுநாள் கூடப்படித்த தோழி கூப்பிட்டு உள்விஷயத்தைச் சொன்னாள். ஓய்வு நேரத்தைக் குறைத்துக்கொண்டே போகிறார்கள், தூக்கம் கெட்டு விமானம் ஓட்ட மாட்டோம் என்று அந்தக் கம்பெனியின் விமானிகள் வேலைநிறுத்தத்தில் இறங்கிவிட்டார்களாம். கம்பெனி அவர்களை வெளியே நிறுத்திவிட்டுப் புது ஆள் எடுக்கிறதாம். செவ்வந்திக்குக் கொடுக்கிற இடம் அவர்களில் ஒருவருடையது.

ஆசை இல்லாமலா? தொண்டை வரைக்கும் இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் விமானத்தில் ஏறாமல் இருந்தால் பழகின கையும் மறந்துபோகும், லைசென்ஸும் வெறும் அட்டையாகிவிடும். இன்னொரு கம்பெனி கூப்பிடும் என்பது என்ன நிச்சயம்? போவதா வேண்டாமா என்று வீட்டில் கேட்டுப் பார்த்தாள். "நீ போவலன்னா வேற எவளாச்சும் போவப்போறா. உனக்கு இன்னாடி வந்துது?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா மட்டும், "தூங்காம ஓட்டச் சொல்றானாமா?" என்று கேட்டார். மலை ரோட்டில் ஆயுசைக் கழித்த மனுஷர். அதற்குமேல் போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை.

ஸ்டாண்டில் விஷயம் தெரிந்ததும் பஞ்சாயத்து கூடிவிட்டது. மாயவன்தான் தீர்ப்புச் சொன்னார். "யம்மா, அது ஏரோப்ளேன் கம்பெனி. நம்ம முறையெல்லாம் அங்க ஏது? எங்க எல்லாருக்கும் சம்மதம். நீ போய் ஏறு பாப்பா." மற்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். சீக்கிரம் விமானி ஆகட்டும், ஊரே பார்க்கட்டும் என்று அவர்களுக்கு அத்தனை ஆசை.

"நீங்க சரின்னா ஆச்சாண்ணா? எறக்கி வெச்சவரு சொல்லணுமே" என்றாள் செவ்வந்தி.

தோழியிடம் கேட்டு, வேலைநிறுத்தத்தில் இருக்கிற மூத்த கேப்டன் ஒருவருடைய நம்பரை வாங்கினாள். வெள்ளிமலையில் வண்டியில் கிழங்கு ஏறிக்கொண்டிருந்தபோது, சிக்னல் கிடைக்கிற மேட்டில் போய் நின்று போன் போட்டாள். பெயர், ஊர், படிப்பு எல்லாம் சொல்லிவிட்டு, "உங்க எடத்துக்கு என்னியக் கூப்டுறாங்க சார். ஏத்திக்கட்டுமா?" என்று கேட்டாள்.

அவருக்குப் புரியவில்லை. கம்பெனி வேவு பார்க்க விட்ட ஆள் என்று சந்தேகப்பட்டு, "யாரும்மா உன்ன பேசச் சொன்னது?" என்று சீறினார். செவ்வந்தி பொறுமையாக ஸ்டாண்டுக் கட்டுப்பாட்டை முதலிலிருந்து விளக்கினாள். கிழங்கு கறுக்கிற கதை வரைக்கும் சொன்னாள். அவர் சிரித்துவிட்டார்.

"இதோ பாரும்மா, நீ சேர்ந்தா எங்களால தடுக்க முடியாது. எவ்வளவோ பேர் சேர்ந்துட்டாங்க. யாரும் எங்ககிட்ட கேக்கல."

"தடுக்க முடியுமான்னு கேக்கல சார். ஏத்திக்கட்டுமான்னு கேட்டேன்."

அவர் வாயிலிருந்து சரி என்று வந்துவிடாதா என்று இவளுக்கு ஆசை. சாமியைக்கூடக் கும்பிட்டாள்.

"வேணாம்மா" என்றார் கேப்டன்.

"வேணாம். சரிங்க சார்" என்று வைத்துவிட்டாள்.

வைத்த கையோடு கம்பெனிக்கும் போட்டாள். தள்ளிப்போட்டால் மனசு மாறிவிடும் என்று அவளுக்கே தன்மேல் பயம். "வரலைங்க மேடம்" என்றதும், சம்பளம் பற்றாதா, சென்னை பிடிக்கவில்லையா என்று அந்த அம்மாள் அடுக்கினாள். "அதெல்லாம் இல்லீங்க. அது இன்னும் அவங்க லோடுங்க" என்றாள் செவ்வந்தி. மேடத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை.

தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தாள், நிற்கவில்லை, சத்தமாகவே அழுதாள். குறுகலான வளைவு ஒன்றில் எதிரே கள்ளக்குறிச்சி பஸ் கூட்டத்தோடு மூச்சுவாங்கி ஏறி வந்துகொண்டிருந்தது. ஏறி வருகிற வண்டிக்குத்தான் முதல் வழி என்பது மலை ரோட்டு முறை. செவ்வந்தி வண்டியை ஓரம் கட்டி நிறுத்தினாள். இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, வலது கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, "வா, வா" என்று அசைத்து, பஸ்ஸை மேலே ஏற்றிவிட்டாள்.